கல்யாண சிடி கெட்டுப் போகுமுன் காப்பி எடுப்போம்



நம் வீட்டு பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் பத்திரம், குடும்ப அட்டை எல்லாம் பத்திரமாக வைத்திருப்போம். அதற்குப் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். திறந்தால் கல்யாண சிடி, பிள்ளைக்குக் காது குத்திய சிடி, மகளின் மஞ்சள் நீராட்டு டிவிடி. 2000ஆம் ஆண்டுக்கு முன்னால் கல்யாணம் ஆனவர்கள் வீட்டில் வீடியோ கேசட் இருக்கும்.

"கடைசியா இதை எப்போ போட்டுப் பார்த்தீங்க?" என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. டிவிடி பிளேயர் ரிப்பேர் ஆகி, பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்று. இப்போது எல்லாம் போனில்தான். "பார்க்காட்டி என்ன, சிடி பத்திரமாத்தானே இருக்கு" என்று நினைத்துக் கொள்கிறோம். தட்டு பத்திரமாக இருப்பது வேறு, தட்டில் உள்ள படம் பத்திரமாக இருப்பது வேறு. பார்வைக்குப் பளபளவென்று இருக்கும் தட்டே கம்ப்யூட்டரில் போட்டால் ஓடாமல் நின்று விடுவதுண்டு.

அந்தப் படத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தாலி எடுத்துக் கொடுத்த தாத்தா, பந்தியில் நின்று பரிமாறிய பெரியப்பா, ஆரத்தி எடுத்த அத்தை. இவர்களில் பலர் இன்று நம்மோடு இல்லை. போட்டோவில் அவர்கள் முகம் இருக்கும். ஆனால் அவர்கள் நடந்து வருவதும், சிரிப்பதும், யாரையோ அதட்டிக் கூப்பிடுவதும் அந்தத் தட்டில் மட்டும்தான் இருக்கிறது. அடகு வைத்த நகையை மீட்டு விடலாம். பாஸ்புக் தொலைந்தால் வேறு வாங்கலாம். இது போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஆகவே இந்த இதழ்ப் பாடத்தில், நம் வீட்டு சிடி, டிவிடியை வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கி வைப்பது எப்படி, புதுத் தட்டில் எழுதுவது எப்படி என்று பார்ப்போம். "கம்ப்யூட்டர் வேலையெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று ஒதுங்க வேண்டாம். வரவு செலவு நோட்டு எழுதத் தொடங்கிய அன்றும் நாம் இப்படித்தான் சொன்னோம். இன்று ஒரு ரூபாய் விடுபட்டாலும் கண்டுபிடிக்கிறோம்!

தட்டுக்குள் என்ன இருக்கிறது?

சிடியும் டிவிடியும் பார்க்க ஒரே மாதிரிதான். இரண்டும் 12 சென்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் கனம். ஆனால் உள்ளே வித்தியாசம் உண்டு. சிடியில் 700 எம்பி அளவு பிடிக்கும். சிடியில் வரும் வீடியோ, அதாவது விசிடி, சுமார் 80 நிமிடத்துக்கு மேல் ஓடாது. அதனால்தான் அந்தக் காலத்துக் கல்யாண சிடி இரண்டு, மூன்று தட்டாக வந்தது. சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி, அதாவது ஆறு சிடிக்கும் மேல் பிடிக்கும். நல்ல தெளிவோடு சுமார் இரண்டு மணி நேரம் ஓடும்.

தட்டில் படம் எப்படிப் பதிகிறது? கோலத்துக்குப் புள்ளி வைப்பது போலத்தான். நடுவில் தொடங்கி வெளி ஓரம் வரை, சுருள் சுருளாக ஒரே கோட்டில் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள். டிவிடியில் உள்ள அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 12 கிலோமீட்டர் வரும். பக்கத்து ஊருக்குப் போய் வருகிற தூரம்! சினிமாக் கம்பெனி விற்கும் தட்டில் இந்தப் புள்ளிகளைத் தொழிற்சாலையில் அச்சுப் போல அழுத்தி எடுப்பார்கள். ஸ்டுடியோவில் நமக்குக் கொடுத்தது அப்படி அல்ல. அதில் ஒரு சாயப் பூச்சு இருக்கும். அந்தச் சாயத்தில் லேசர் ஒளியால் சூடு வைத்து எழுதுவார்கள். இதைத்தான் 'ரைட் பண்றது', 'பர்ன் பண்றது' என்று சொல்கிறோம்.

ஏன் கெட்டுப் போகிறது?

சாயம் போட்ட சேலையை வெயிலில் போட்டால் வெளுக்கும் அல்லவா? தட்டில் உள்ள சாயமும் வெயில், சூடு, ஈரம் பட்டால் மங்கும். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில், கூரைக்குப் பக்கத்தில் பரண் மேல் வைத்த தட்டு சீக்கிரம் கெடும். எத்தனை வருடம் தாங்கும் என்பது தட்டின் தரத்தையும் வைத்த இடத்தையும் பொறுத்தது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சிடியில் பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் நாம் பத்திரமாகப் பார்க்கிறோம். ஆனால் படம் இருப்பது மேல் பக்கத்துக்கு மிக அருகில். அதன் மேல் மெல்லிய பூச்சு மட்டுமே உண்டு. மேலே பால்பாயின்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதினாலே உள்ளே சேதம் ஆகும். அடிப்பக்கம் கீறினால் ஓரளவு பிழைக்கும், மேல் பக்கம் உரிந்தால் போனது போனதுதான். டிவிடியில் இரண்டு மெல்லிய தகடுகளை ஒட்டி, நடுவில் படத்தை வைத்திருப்பார்கள். ஆகவே மேல்பக்கம் கொஞ்சம் தாங்கும். ஆனால் வளைத்தால் ஒட்டு விடும்.

வீடியோ கேசட் வைத்திருப்பவர்கள் இன்னும் அவசரப்பட வேண்டும். நாடாவில் பூஞ்சை பிடிக்கும். அதை ஓட்டும் வி.சி.ஆர். டெக்கைக் கடைசியாகத் தயாரித்துக் கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையில் நிறுத்தி விட்டது. இப்போது இருப்பதெல்லாம் பழைய டெக்குகள்தான். கேசட்டை வீட்டில் மாற்றுவது கஷ்டம். டெக் வைத்திருக்கும் ஸ்டுடியோவை விசாரித்து, அது ஓடும்போதே மாற்றிக் கொள்ளுங்கள்.

என்னென்ன தேவை?

1. ஒரு கம்ப்யூட்டர் அல்லது லேப்டாப். பிள்ளைகளுடையதாக இருந்தாலும் போதும்.

2. டிவிடி ரைட்டர். பழைய கம்ப்யூட்டரில் உள்ளேயே இருக்கும். இப்போது வரும் லேப்டாப்பில் பெரும்பாலும் இருக்காது. யூஎஸ்பி வயரில் சொருகும் வெளி ரைட்டர் தனியாகக் கிடைக்கிறது. குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும், வீட்டுக்கு ஒன்று தேவையில்லை.

3. ஒரு பென் டிரைவ். 32 ஜிபி பென் டிரைவில் நிறைந்த டிவிடி ஆறு பிடிக்கும்.

4. வெற்று டிவிடி. கடையில் டிவிடி மைனஸ் ஆர், டிவிடி பிளஸ் ஆர் என்று இரண்டு வகை இருக்கும். எது வாங்கினாலும் எழுதலாம். மிகப் பழைய பிளேயர் வைத்திருந்தால் மைனஸ் ஆர் வாங்குவது நல்லது. ஆர்.டபிள்யூ. என்று போட்டிருந்தால் அழித்து அழித்து எழுதும் வகை. நிரந்தரமாக வைக்க அது வேண்டாம்.

5. மென்பொருள். எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. படம் பார்க்க வி.எல்.சி., தட்டில் எழுத விண்டோஸில் இம்க்பர்ன், லினக்ஸில் கே3பி அல்லது பிரேசரோ. இவற்றை அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். நிறுவும்போது 'இதையும் சேர்த்துப் போடவா' என்று வேறு எதையாவது கேட்டால், 'வேண்டாம்' என்று டிக்கை எடுத்து விடுங்கள்.

முதல் பாடம்: கம்ப்யூட்டருக்குள் இறக்குவது

தட்டை ஓரத்தையும் நடு ஓட்டையையும் பிடித்து எடுங்கள். அடிப்பக்கத்தில் விரல் படக்கூடாது. தூசி இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். அம்மி அரைப்பது போலச் சுற்றிச் சுற்றித் தேய்க்கக் கூடாது. கோடு சுருளாகப் போவதால், சுற்றித் தேய்த்து விழும் கீறல் ஒரே இடத்தில் நீளமாகப் படத்தைக் கெடுக்கும். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிக்கும் திரவம் எதுவும் வேண்டாம்.

தட்டைப் போட்டதும் படம் தானாக ஓடத் தொடங்கினால் நிறுத்தி விடுங்கள். கம்ப்யூட்டரில் டிஸ்க்குகளைக் காட்டும் இடத்துக்குப் போய், டிவிடி படத்தின் மேல் வலது பக்க பட்டனை அழுத்தி 'ஓபன்' கொடுங்கள். டிவிடியாக இருந்தால் 'வீடியோ டிஎஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் தெரியும். உள்ளே வி.ஓ.பி., ஐ.எஃப்.ஓ., பி.யு.பி. என்று முடியும் பல ஃபைல்கள் இருக்கும். அதில் எதையும் பிரிக்காமல் ஃபோல்டரை முழுதாகக் காப்பி எடுங்கள். வி.ஓ.பி.யில்தான் படம் இருக்கிறது. ஆனால் மற்றவை இல்லாவிட்டால் புதுத் தட்டு பிளேயரில் சரியாக ஓடாது.

விசிடியாக இருந்தால் 'எம்பெக் ஏவி' என்ற ஃபோல்டர் இருக்கும். உள்ளே 'டேட்' என்று முடியும் ஃபைல்தான் படம்.

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு புது ஃபோல்டர் தொடங்கி, என்ன விசேஷம், எந்த வருடம், எத்தனையாவது தட்டு என்று பெயர் வையுங்கள். 'கல்யாணம் 2006 தட்டு 1' என்பது போல. 'நியூ ஃபோல்டர்' என்றே விட்டால் ஆறு மாதம் கழித்து எது யாருடையது என்று தெரியாது. பிறகு 'பேஸ்ட்' கொடுங்கள். ஒரு தட்டுக்கு 10 முதல் 20 நிமிடம் ஆகலாம். அதற்குள் உலை வைத்து விட்டு வரலாம்.

முடிந்தவுடன் 'ஆச்சு' என்று எழுந்து விடக் கூடாது. வி.எல்.சி.யில் போட்டு ஆரம்பம், நடு, கடைசி மூன்று இடத்திலும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். பணத்தை எண்ணிப் பார்க்காமல் நோட்டில் கையெழுத்துப் போடுவோமா?

தட்டு திக்கினால்...

காப்பி ஆகும்போது பாதியில் நின்றால் கைவிட வேண்டாம். தட்டைத் துடைத்து மறுபடி போடுங்கள். அப்படியும் முடியாவிட்டால் வேறு வீட்டு ரைட்டரில் போட்டுப் பாருங்கள். ஒரு ரைட்டர் படிக்காத தட்டை இன்னொன்று படிக்கும். ஃபைல்களை ஒவ்வொன்றாகக் காப்பி எடுங்கள். ஒரு ஃபைல் போனாலும் மற்றவை கிடைக்கும். தாலி கட்டு கிடைத்து, பந்தி போனால் அதுவும் லாபம்தான்.

கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் இருந்தால், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளைக் கேட்டுப் பாருங்கள். அது படிக்க முடிந்த பகுதியை முதலில் எடுத்துக் கொண்டு, முடியாத இடத்தைத் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். "டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். தேய்ப்பதே புதுக் கீறல் போடலாம். கிடைத்த வரை காப்பி எடுத்த பிறகுதான் மற்ற வைத்தியம்.

இரண்டாம் பாடம்: புதுத் தட்டில் எழுதுவது

கம்ப்யூட்டரில் இறங்கிய பிறகு தட்டு எதற்கு என்று கேட்கலாம். வயதானவர்கள் வீட்டில் டிவிடி பிளேயர் இன்னும் ஓடிக் கொண்டிருந்தால் அவர்களுக்கு அதுவே எளிது. அதோடு, பென் டிரைவில் உள்ளதை யாராவது தெரியாமல் அழித்து விடலாம். ஒரு முறை எழுதி முடித்த தட்டில் அது நடக்காது.

முதலில் ஃபோல்டரின் அளவைப் பாருங்கள். 4.7 ஜிபி என்று போட்ட வெற்றுத் தட்டைக் கம்ப்யூட்டர் 4.37 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றி விட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தட்டுக் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

இம்க்பர்ன் திறந்து, ஃபைல், ஃபோல்டரைத் தட்டில் எழுதும் பிரிவைத் தேர்ந்தெடுத்து, 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டரைச் சேருங்கள். இது டிவிடி வீடியோவா என்று அது கேட்டால் 'யெஸ்' கொடுங்கள். அப்படி எழுதினால்தான் பிளேயரில் ஓடும்.

வேகம் கேட்கும் இடத்தில் 4 எக்ஸ் அல்லது 8 எக்ஸ் வையுங்கள். 16 எக்ஸில் வைத்தால் சீக்கிரம் முடியும், தப்பு வரவும் வாய்ப்பு அதிகம். 4 எக்ஸில் நிறைந்த தட்டு எழுத சுமார் 15 நிமிடம் ஆகும். 'வெரிஃபை' என்ற டிக்கை எடுக்க வேண்டாம். எழுதியதைத் திரும்பப் படித்து ஒத்துப் பார்ப்பதுதான் அது. நம் தணிக்கை போல. 'ஃபைனலைஸ்' என்று கேட்டால் அதற்கும் சம்மதம் கொடுங்கள். அது இல்லாவிட்டால் மற்ற பிளேயர்களில் தட்டு ஓடாமல் போகும்.

எழுதும்போது கம்ப்யூட்டரில் வேறு வேலை வேண்டாம். பாதியில் கரண்டு போனால் தட்டு வீண். லேப்டாப்பாக இருந்தால் முழுக்க சார்ஜ் ஏற்றி விட்டுத் தொடங்குங்கள்.

விசிடிகளை இறக்கியிருந்தால், ஐந்து சிடியில் உள்ளதை ஒரே டிவிடியில் வெறும் ஃபைலாக எழுதி வைக்கலாம். அது கம்ப்யூட்டரில் ஓடும். டிவி பிளேயரில் ஓடும் என்று சொல்ல முடியாது.

போனில் பார்க்க வேண்டுமானால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எம்.பி.4 ஆக மாற்றிக் கொள்ளுங்கள். அளவும் குறையும். ஆனால் மாற்றும்போது தெளிவு கொஞ்சம் குறையும். ஆகவே மூலத்தை அழிக்க வேண்டாம்.

எழுதிய தட்டில் பெயர் எழுத மார்க்கர் பேனா மட்டும். நடு ஓட்டையைச் சுற்றி உள்ள வெறும் வளையத்தில் எழுதுங்கள். காகித ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். தட்டைக் கவரில் போட்டு, புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். அடுப்பங்கரை, ஜன்னல் ஓரம், பரண் ஆகாது.

இன்னொன்று. பறவை விரட்டப் பழைய சிடியைக் கயிற்றில் கட்டி வயலில் தொங்க விடுகிறோம். கட்டும் முன் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். மேலே பெயர் இல்லாத தட்டில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

மூன்று இடத்தில் வைப்போம்

சேமிப்பை ஒரே இடத்தில் வைக்காதே என்று குழுவில் படித்திருக்கிறோம். இதற்கும் அதுதான் கணக்கு. மூன்று காப்பி, இரண்டு விதமான பொருளில், அதில் ஒன்று வேறு வீட்டில். உதாரணமாக, கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, புதுத் தட்டில் எழுதிய ஒன்று அம்மா வீட்டில். வெள்ளம் வந்தாலும், வீடு தீப்பிடித்தாலும், திருட்டுப் போனாலும் ஒன்று மிஞ்சும்.

பென் டிரைவும் நிரந்தரம் அல்ல. வருடம் ஒரு முறை, கல்யாண நாளன்று, எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஓடாவிட்டால் மற்றதிலிருந்து உடனே புதுக் காப்பி எடுங்கள். "வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன், அதுலயே இருக்கும்" என்பது சரியில்லை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித் தெளிவைக் குறைத்து விடும். போன் தொலைந்தால் அதுவும் போகும்.

எது நம்முடையது, எது அடுத்தவருடையது?

இந்த வேலை கை வந்ததும் "அந்தப் புதுப் படத்தையும் ஒரு காப்பி போட்டுக் குடு" என்று யாராவது வருவார்கள். இங்கே நாம் தெளிவாக இருக்க வேண்டும்.

நாம் பணம் கொடுத்து, நாம் கேட்டு எடுத்த போட்டோவுக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லை என்றால், முதல் உரிமை நமக்குத்தான். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஆகவே நம் கல்யாண வீடியோவை நாம் காப்பி எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் வீடியோகாரர் மேலே போட்ட சினிமாப் பாட்டு நம்முடையது அல்ல. வீட்டில் குடும்பத்தோடு பார்க்கலாம். ஊரறிய இணையத்தில் ஏற்றினால் பாட்டின் உரிமையாளர் ஆட்சேபிக்கலாம்.

சினிமா டிவிடியைக் காப்பி போட்டு விற்பது குற்றம். அதே சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சினிமாத் தட்டுகளில் காப்பி எடுக்க முடியாதபடி பூட்டு இருக்கும். திருட்டுக் காப்பி எடுக்கும் எண்ணத்தோடு அதை உடைத்தால், 2012ல் சேர்த்த 65அ பிரிவில் 2 ஆண்டு வரை சிறை உண்டு. தமிழ்நாட்டில் 2004ல் குண்டர் சட்டத்திலும் வீடியோ திருட்டைச் சேர்த்தார்கள். அதில் பிடித்தால் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அந்தக் காலத்தில் 'திருட்டு விசிடி' வழக்கில் மாட்டியவர்களில் கடையில் சம்பளத்துக்கு நின்றவர்களும் உண்டு. 100 ரூபாய்க்காக நம் பெயரும் குழுவின் பெயரும் கெட வேண்டாம்.

பயிற்சிக்காகக் கொடுக்கும் டிவிடியும் தயாரித்தவருக்கே சொந்தம். பிற குழுக்களுக்குக் காப்பி கொடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அடுத்த வீட்டு சிடி நம் கைக்கு வந்தால்

காப்பி போடத் தெரியும் என்று தெரிந்தால் அக்கம்பக்கத்தார் தங்கள் சிடியைக் கொண்டு வந்து கொடுப்பார்கள். அது வெறும் தட்டு அல்ல. அதில் அந்த வீட்டுப் பெண்களின் படம் இருக்கிறது. வயசுக்கு வந்த பிள்ளையின் சடங்கு இருக்கிறது. நம்பித்தான் கொடுக்கிறார்கள். ஆகவே நான்கு விதிகள்:

1. முடிந்த வரை அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்தே காப்பி எடுக்க வேண்டும்.

2. வேலை முடிந்து அவர்கள் சரிபார்த்ததும், நம் கம்ப்யூட்டரில் உள்ளதை அவர்கள் கண் முன்னே அழிக்க வேண்டும். 'ரீசைக்கிள் பின்'னையும் காலி செய்ய வேண்டும்.

3. ஒரு காட்சியைக்கூட நம் போனில் பிடித்து யாருக்கும் அனுப்பக் கூடாது.

4. எத்தனை தட்டு வாங்கினோம், எத்தனை திருப்பிக் கொடுத்தோம் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

நாம் வெளிக்கடையில் கொடுக்கும்போதும் இதையே கேட்கலாம். "காப்பி எடுத்ததும் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறதை அழிச்சிடுங்க" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். படத்தை யாராவது தவறாகப் பயன்படுத்தினால், பயந்து மூடி மறைக்காமல் பெண்கள் உதவி எண் 181, இணையக் குற்றப் புகார் எண் 1930 இரண்டுக்கும் பேசலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இதை ஒரு சிறு வருமானமாகச் செய்யலாமா? செய்யலாம். ஆனால் முதலில் கணக்கு. கீழே உள்ள விலைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.

வெளி ரைட்டர் விலை 2,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஒரு வெற்றுத் தட்டு 30 ரூபாய், கவர் 10, கரண்டு மற்றும் கெட்டுப் போகும் தட்டுக்காக 5. ஆக ஒரு தட்டுக்குச் செலவு 45 ரூபாய். 100 ரூபாய் வாங்கினால் கையில் நிற்பது 55. ரைட்டருக்குப் போட்ட 2,000 திரும்பி வர 37 தட்டு எழுத வேண்டும். அதற்குப் பிறகு வருவதுதான் நம் உழைப்புக்குக் கூலி.

நம் ஊரில் 37 தட்டு கிடைக்குமா? கூட்டத்தில் கை தூக்கச் சொல்லிக் கேளுங்கள். 15 பேர் குழுவில் ஆளுக்கு மூன்று தட்டு என்றாலே 45 வந்து விடும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இது வற்றாத கிணறு அல்ல. ஊரில் உள்ள பழைய தட்டெல்லாம் முடிந்ததும் வேலையும் குறையும். ஆகவே இதற்கென்று பெரிய கடன் வாங்க வேண்டாம். குழுவின் சொந்த சேமிப்பிலிருந்து சிறு உள்கடனாக எடுத்து, ரைட்டரைக் குழுவின் பொதுச் சொத்தாக இருப்புப் பதிவேட்டில் எழுதி வைப்பதே நல்லது.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

ஊக்குநரும் பிரதிநிதியும் இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் வாசித்து, கீழ்க்கண்டவற்றைப் பேசுங்கள்.

1. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் எத்தனை சிடி, டிவிடி, கேசட் உள்ளது? எது மிகப் பழையது?

2. கம்ப்யூட்டர், ரைட்டர் யார் வீட்டில் உள்ளது? சொல்லிக் கொடுக்கப் படித்த பிள்ளைகள் யார்?

3. இறந்து போனவர்கள் உள்ள தட்டு எது? அதையே முதலில் எடுக்கலாமா?

4. அடுத்தவர் தட்டுக்கான நான்கு விதிகளையும் தீர்மானமாக எழுதலாமா?

5. குழு தொடங்கிய நாளின் போட்டோ, முதல் தீர்மான நோட்டு, விருது வாங்கிய வீடியோ யாரிடம் உள்ளது? அவற்றையும் ஒரு தட்டில் எழுதிக் கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு காப்பி வைக்கலாமா?

சகோதரிகளே, நம் அம்மா காலத்துப் பெண்களுக்குக் கல்யாணப் போட்டோ ஒன்று இருந்தாலே பெரிது. ஓடும் படமாக நம் வாழ்க்கையைப் பார்க்கக் கிடைத்தது நம் தலைமுறைக்குத்தான். பேரப் பிள்ளைகளும் அதைப் பார்க்க வேண்டுமானால், தட்டு ஓடும்போதே காப்பி எடுக்க வேண்டும். இந்த வாரமே ஒரு தட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஓடினால் சந்தோஷம், உடனே இறக்குங்கள். திக்கினால் இன்னும் அவசரம், அன்றே இறக்குங்கள்.

செய்து பார்த்த குழுக்கள், எத்தனை தட்டு பிழைத்தது, எங்கே சிக்கல் வந்தது என்று நமக்கு எழுதுங்கள். மற்ற குழுக்களுக்கும் உதவும்.